ரூபாய்த் தாளில் உள்ள தமிழைப் பற்றிய உங்கள் பதிவுக்கு ஏன் மறுமொழி வரவில்லை?

வணக்கம் ஐயா. நம் மொரிசியசு ரூபாய்த் தாளில் உள்ள தமிழைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எழுதியும் ஒருவர்கூடப் பதில் தரவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். நீங்கள் இணைத்திருந்த பதிவை இருமுறை படித்தேன். 1998இல் வெளியான தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே இறக்கப்பட்டதும், எதிர்ப்பு எழுந்தபின் அவை திரும்பப் பெறப்பட்டு, 1999இல் தமிழ் முன்னே வரும் வரிசையில் புதிய தாள்கள் வந்ததும் பதினான்காம் வரியில்தான் வருகின்றன. அதற்கு முன் இருப்பதெல்லாம் இளைஞர்கள் மொழியை மறந்துவிட்டார்கள் என்ற குறைதான். வீட்டில் மொரிசியசின் பொதுப் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்த பிள்ளைகள் முதல் வரியிலேயே விலகிவிடுவார்கள். அது அவர்கள் பிழையன்று.

அடுத்த முறை ஒரு நூறு ரூபாய்த் தாளைப் படமெடுத்து, அதிலுள்ள தமிழ் எழுத்துகளைச் சுற்றி வட்டமிட்டு, “இதை வாசிக்கத் தெரிந்தவர் யார்?” என்று மட்டும் தமிழிலும் கிரியோலிலும் கேளுங்கள். யாராவது வாசித்துக் காட்டியபின், அவருக்குத் தரும் மறுமொழியாகவே 1998இன் கதையைச் சொல்லுங்கள். குழுவில் பிறர் இட்ட காவடிப் படங்களுக்கு இதுவரை ஒரு சொல்லும் எழுதியதில்லை என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே தொடங்கலாம், எந்தக் கோயில், யார் வீட்டுக் காவடி என்று விசாரித்தாலே போதும்.