டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில்) இரண்டு வரிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன, வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளை மட்டும் ஒன்றைத்தான் கண்டுபிடிக்கிறது. ஏன்?

வலைப்பக்கத்திலிருந்தோ வேர்டு கோப்பிலிருந்தோ யாரோ வெட்டி ஒட்டிய பட்டியல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குள் அகலமே இல்லாத எழுத்து ஒன்று ஒளிந்திருக்கும். கிரெப் சரியாகத்தான் வேலை செய்கிறது.

டெர்மினல் கணக்கு நோட்டு மாதிரி, கட்டம் போட்டது. 1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினலின் 80 எழுத்து, 24 வரி ஏற்பாடு இன்றைக்கும் விட்டபாடில்லை. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று சொல்ல டபிள்யூசிவிட்த் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. மார்க்கஸ் குன் என்ற கணினி அறிவியலாளர் எழுதிய வடிவத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு 1, சீன எழுத்துக்கு 2, நம் மெய்ப்புள்ளிக்கு 0. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 200பி (200B), 200சி (200C), 200டி (200D) என்ற எண்ணுள்ள மூன்றுக்கும் 0தான். முதலாவது அகலமில்லாத இடைவெளி, அடுத்தது எழுத்துகளைச் சேரவிடாமல் தடுப்பது, மூன்றாவது சேர்த்துவைப்பது. கட்டமே கிடையாது என்றால் டெர்மினல் அதை முந்தைய எழுத்தோடு ஒட்டி வைக்கும், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடும். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் ஒரு கணக்கும் டெர்மினல் வேறு கணக்கும் வைத்திருந்தால் கர்சர் நிற்பது ஓரிடம், அழிவது வேறிடம்.

எங்களுக்கு இது நடந்தது ஒரு புத்தகக் கடையின் பட்டியலில். ‘லக்ஷ்மி’ என்று தேடினால் வரவேண்டிய நூல்கள் பல வரவில்லை. தரவுத்தளம் கெட்டுப்போச்சு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் இரண்டே வரிகளைத் தனியாக எடுத்து விம் எடிட்டரில் திறந்தேன். ஒன்றில் க்-குக்கும் ஷ-வுக்கும் நடுவில் <200சி> என்று பளிச்சென்று நின்றது. க்ஷ கூட்டெழுத்தாகாமல் தனித்தனியாக நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வேண்டுமென்றே போடுவது அது. பிரவுசரில் பார்த்திருந்தால் இரண்டு பெயர்களும் வேறுவேறாகத் தெரிந்திருக்கும். எங்கள் டெர்மினல் எழுத்துகளைச் சேர்த்து வரைகிற ரகமில்லை. சாதாரண க்ஷ-வையே க் ஒரு கட்டம், ஷ ஒரு கட்டம் என்று பிரித்துத்தான் காட்டும். அதனால் 200சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே உருவம். தமிழ்க் கோப்பைக் கையாளுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

‘கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளைக்குப் பெரிய ஏ (-A) கொடுத்தால் போதுமே, மறைந்திருப்பதும் தெரியும்’ என்று கீழே யாராவது எழுதக்கூடும். ஆங்கிலக் கோப்புக்குப் போதும். தமிழில் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு எழுத்தும் எம், ஹைஃபன் என்று சிதறி ஒன்றையும் படிக்க முடியாது. கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் பரவாயில்லை. தமிழ் எழுத்துகளின் பைட் வரிசை ஈ0 என்று தொடங்கும், இவை மூன்றும் ஈ2 80 என்று தொடங்கும், கண் உடனே பிடித்துவிடும். பெரிய கோப்பென்றால் கிரெப்பில் பெரிய பி (-P) போட்டு 200பி முதல் 200டி வரை தேடுங்கள். ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கும் பைத்தானின் ஸ்ட்ரிப்பை நம்ப வேண்டாம். யூனிகோட் கணக்கில் 200பி வெற்றிட வகையிலேயே சேராது, அதனால் ஸ்ட்ரிப் அதைத் தொடாது.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காரணம் தெரிந்ததும் மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, ‘கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றையும் கோப்பு முழுக்க அழித்துவிடுங்கள்.’ அந்தப் பட்டியலில் கொழும்பில் அச்சான சிங்கள நூல்களும் இருந்தன. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுதவே 200டி வேண்டும். அதை எடுத்தால் கூட்டெழுத்து உடைந்து இரண்டாக நிற்கும். பாரசீகத்தில் 200சி அன்றாட எழுத்துமுறையின் பகுதி. சொன்னேன். ‘தெரியாத எழுத்துக்கு எதற்கு இவ்வளவு வாதம்’ என்றார்கள். தங்கள் மொழிக்குத் தேவைப்படாதது யாருக்குமே தேவைப்படாது என்று முடிவுகட்டுகிற இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தமிழையும் இப்படித்தான் பல காலம் நடத்தினார்கள், நாமே இன்னொரு மொழிக்கு அதைச் செய்யலாமா?

நீங்கள் மூலத்தில் கை வைக்காதீர்கள். தேடலுக்கென்று தனி நகல் ஒன்று வைத்து, அதில் தமிழ்ப் பெயர்களிலிருந்து மட்டும் 200பி, 200சி இரண்டையும் நீக்குங்கள். தேடுபவர் தட்டச்சு செய்கிற சொல்லுக்கும் அதையே செய்யுங்கள். திரையில் காட்ட மூலமே இருக்கட்டும்.