முருங்கைக்காய்ச் சக்கையில் ஆக்டிவேட்டட் கார்பன்: சாம்பலாவதும் புளிப்பதும் ஏன்?

கேள்வி: சாயத்தைத் தன் நுண்துளைகளில் பிடித்துக்கொள்ளும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் செய்ய, சந்தையில் கழிக்கும் கோஸ் இலையையும் முற்றிய முருங்கைக்காயையும் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 600 டிகிரியில் சுட்டோம். பாதி சாம்பலாகிவிட்டது. மீதிக் கரியைச் சாயநீரில் போட்டால் நீர் அமிலமாகிறது. எங்கே தவறு?

பதில்: கோஸ் இலையை விட்டுவிடுங்கள். அதில் ஏறத்தாழ 92 சதவீதம் தண்ணீர். 100 கிலோ காய்ந்தால் 8 கிலோதான் மிஞ்சும். அதிலுள்ள பொட்டாசியமும் கால்சியமும் அமிலத்தின் ஒரு பகுதியை உப்பாக்கி வீணடிக்கும். நார் மிகுந்த முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் போதும்.

சக்கையை மண் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, 1 முதல் 2 மில்லிமீட்டர் துண்டுகளாக அரையுங்கள். 100 கிராம் தூளுக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 105 மில்லி. இதில் தூய அமிலம் 150 கிராம். அதே அளவு தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. தூளை அதில் ஓர் இரவு ஊறவிட்டு, 110 டிகிரியில் ஈரம் வற்றவிடுங்கள்.

சூடு 450 டிகிரி போதும். நிமிடத்துக்கு 5 முதல் 10 டிகிரி ஏற்றி, ஒரு மணி நேரம் வையுங்கள். 600 டிகிரியில் துளைகள் சுருங்கத் தொடங்கும். ஆனால் சாம்பலுக்குக் காரணம் காற்று. மூசையை (சூடு தாங்கும் சுடுகலத்தை) விளிம்புவரை நிரப்பி, மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். உலை ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சூடான கரி காற்றுப் பட்டதும் கனன்று எரியும். அமிலப் புகை வரும் என்பதால் புகைபோக்கி கட்டாயம்.

நீர் புளிப்பது கழுவல் போதாததால்தான். நாரின் சுவர்களுக்கிடையே புகுந்து நிற்கும் அமிலம், சூட்டில் அவை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. அது வெளியேறினால்தான் அந்த இடம் துளையாகும். தங்கினால் துளை அடைந்தே கிடக்கும். கொதிநீரில் பலமுறை கழுவுங்கள். முதல் கழுவல் நீரில் அமிலம் நிறைய இருக்கும், வற்றவைத்து மறுபடி பயன்படுத்தலாம். கடைசிக் கழுவல்களுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் கால்சியம் பாஸ்பேட் படியும்.

ஒரு கிராம் கரியை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் வடிகட்டிப் பாருங்கள். அந்த நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6க்குக் கீழே இருந்தால் இன்னும் கழுவ வேண்டும். சரியானபின் 110 டிகிரியில் உலர்த்தி, அயோடின் எண் (ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினை உறிஞ்சுகிறது என்ற அளவு) பாருங்கள். இந்தக் கரியைச் சாயநீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குடிநீருக்கு வேண்டாம்.