ஒளியும் ஒளியும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன், "தாத்தா, ஹைட்னா என்ன?" என்று கேட்டான். அகராதியைப் புரட்டினேன். ஒளிந்துகொள்வது, விலங்கின் தோல், அடி உதை, நில அளவை, பறவை பார்க்கும் குடிசை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒரே சொல்லுக்கு ஐந்து வேலை! ஆங்கிலம் சொற்பஞ்சம் பிடித்த மொழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தமிழில் இப்படி ஒரு குழப்பம் உண்டா? இன்னொன்று: மாட்டுத்தோலை நூல்நூலாக அறுத்து நிலத்தை அளந்ததால்தான் நில அளவைக்கும் அந்தப் பெயர் வந்தது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

- வாசகர், மன்னார்குடி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நண்பர் சொன்னது தப்பு. ஆனால் கதை நல்ல கதை, அதனால் அவரை மன்னித்துவிடலாம்.

இன்றைய லெபனானில் இருக்கும் டயர் என்ற ஃபினீசிய நகரத்து இளவரசி டைடோ, உடன்பிறந்தவனுக்குப் பயந்து கப்பலேறி வட ஆப்பிரிக்கக் கரையில் இறங்குகிறாள். "ஒரு மாட்டுத்தோல் மூடுகிற அளவு இடம் கொடுத்தால் போதும்" என்று கேட்கிறாள். உள்ளூர்க்காரர்களும் சிரித்துக்கொண்டே சரி என்கிறார்கள். அவள் தோலை மெல்லிய வாராக அறுத்து, ஒரு குன்றையே சுற்றி வளைத்துக்கொள்கிறாள். அங்கே எழுந்ததுதான் கார்த்தேஜ் என்ற பழைய நகரம். இன்றைய டுனிஸ் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் குன்றுக்குப் பெயர் பிர்சா. கிரேக்கத்தில் பிர்சா என்றால் உரித்த தோல். கதை எங்கே பிறந்தது என்று இப்போது தெரிந்திருக்குமே. ஃபினீசிய மொழியில் கோட்டையைக் குறித்த ஏதோ ஒரு பெயர், கிரேக்கர் காதில் தோலாக விழுந்தது, தோலுக்கு ஒரு கதை கட்டினார்கள் என்பதுதான் பலர் கருத்து. ஊர்ப் பெயரை வைத்துத் தலபுராணம் எழுதுகிற நமக்கு இது புதிதா என்ன?

இங்கிலாந்தின் நில அளவைக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஹைட், குடும்பம், வீட்டார் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு குடும்பம் உழுது பிழைக்கப் போதுமான நிலம் ஒரு ஹைட். 1086-ல் முதலாம் வில்லியம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தாரே, டூம்ஸ்டே பதிவேடு, அதில் பக்கத்துக்குப் பக்கம் இந்த ஹைட்தான். பொதுவாக 120 ஏக்கர் என்பார்கள். ஆனால் சங்கிலி பிடித்து அளந்த 120 ஏக்கர் இல்லை. எத்தனை ஹைட்டோ அத்தனைக்கு வரி. அது வரிக்கான கணக்கு, அதனால் இடத்துக்கு இடம் பரப்பு மாறும். லண்டன் ஹைட் பார்க்கின் பெயரும் இந்த நிலத்திலிருந்து வந்ததுதான். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளிடம் இருந்த நிலத்தை எட்டாம் ஹென்றி 1536-ல் தன் மான்வேட்டைக்காக எடுத்துக்கொண்டார். காதலர்கள் ஒளிந்துகொள்ள வசதியான பூங்கா என்பதால் வந்த பெயர் என்று நான் கல்லூரி நாட்களில் நம்பியிருந்தேன். வசதி உண்டோ இல்லையோ, பெயர்க் காரணம் அது இல்லை.

இப்போது உங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். மன்னார்குடியில் நிலம் விசாரித்தால் "எத்தனை மா?" என்றுதானே இன்னமும் கேட்கிறார்கள்? மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. அந்த மா மரமாகவும் இருக்கிறது, குதிரையாகவும் இருக்கிறது, ரொட்டிக்குப் பிசைகிற மாவாகவும் இருக்கிறது, கணக்கில் இருபதில் ஒன்று என்கிற பின்னமாகவும் இருக்கிறது. வேலியோ, நில அளவையும் அதுதான், அந்த நிலத்தைச் சுற்றிப் போடுகிற முள்ளும் அதுதான். ஒரு வேலிக்கு வேலி போட்டேன் என்று உங்கள் ஊர்க்காரர் சொன்னால் நீங்கள் குழம்புவீர்களா? ஆங்கிலேயன் மட்டும் ஏன் குழம்புவான் என்று நினைக்கிறீர்கள்?

"தமிழில் உண்டா?" என்று கேட்கும்போது ஒளிந்துகொள்வது என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே மாட்டிக்கொண்டீர்கள். ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் மறைந்துகொள். ஆங்கிலத்தில் ஒளிவதும் தோலும் ஒரே சொல்லானதற்கே நீங்கள் வியக்கிறீர்கள். நம்மிடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிற வெளிச்சமும், எதையும் காட்டாத மறைவும் ஒரே எழுத்தில் இருக்கின்றன. இரண்டும் பிறப்பில் ஒன்றல்ல. திராவிட வேர்ச்சொல் அகராதியில் தனித்தனிப் பதிவுகளாகத்தான் கிடைக்கும். ஆனாலும் வெளியூர்க்காரன் ஒருவன் தமிழ் படிக்க உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே தலையைப் பிய்த்துக்கொள்வான். அப்புறம் மறை. மறைப்பது மறை, வேதம் மறை, ஆணியில் ஓடுகிற திருகும் மறை. மறை ஓதுகிறவரையும் மறை கழன்றவரையும் நாம் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை. (சில மேடைகளில் குழப்பம் வரலாம். அது மொழியின் குற்றம் இல்லை.)

ஒரு சொல் ஐந்து வேலை செய்கிறது என்பதே சரியான பேச்சு இல்லை. வேறு வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. பழைய ஆங்கிலத்தில் நிலத்துக்கு இருந்த உயிரெழுத்து வேறு, தோலுக்கு இருந்தது வேறு. பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்தது. நம் நாக்கிலும் இது தினமும் நடக்கிறது. ழகரம் வராதவர் வாயில் கிழியும் கிளியும் ஒன்றுதான். எழுத்து மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் நம் அகராதி தப்பித்தது.

தோலும் ஒளிதலும் மட்டும் தூரத்துச் சொந்தம் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். மூடு என்கிற பொருள் கொண்ட ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் இரண்டுக்கும் பாட்டி. ஜெர்மனில் தோலுக்கு ஹௌட், லத்தீனில் குடிஸ். எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். உடம்பை மூடுவது தோல், ஆளை மூடிக்கொள்வது ஒளிதல். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

சொற்பஞ்சம் என்றீர்களே, அதையும் தோலை வைத்தே பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் மனிதனுக்கும் ஆட்டுக்கும் ஸ்கின். மாடு, எருமை மாதிரி பெரிய உருப்படிக்கு ஹைட். முடியோடு உரித்தால் பெல்ட், இடுப்பில் கட்டுகிறது இல்லை, வேறு. ஆரஞ்சுக்குப் பீல், தர்பூசணிக்கு ரைண்ட். பதனிட்டு முடித்துவிட்டால் லெதர். நமக்கு யானைக்கும் தோல், வெங்காயத்துக்கும் தோல், வாழைப்பழத்துக்கும் தோல், காலில் போடுகிற செருப்பும் தோல். சொல் எண்ணிப் பார்க்கிற இந்தப் போட்டியை நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள், நான் இல்லை.

பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் மண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேதம் தலைகீழ்ப் பாடம். ஹைட் வேறு, ஸ்கின் வேறு, நடுவில் இளம் மாட்டுத்தோலுக்குக் கிப் என்று தனிப்பெயர். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்து அவர்கள் வாயில் புழங்குகிற சொற்கள். எனக்குத்தான் தெரியாமல் போனது. பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், தோல் ஏற்றுமதி பற்றிய ஓர் ஆங்கிலச் செய்தியை "கச்சா மறைவிடங்கள் ஏற்றுமதி" என்று மொழிபெயர்த்தேன். அச்சாகியும் விட்டது. வாணியம்பாடியிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது: "மறைவிடம் என்ன விலை? கடன்காரர் தொல்லை தாங்கவில்லை, இரண்டு கட்டு அனுப்பவும்." அந்த அட்டையை வெகுநாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

அடி உதை விஷயத்தில் மட்டும் ஆங்கிலமும் நாமும் ஒரே கட்சி. நாம் "தோலை உரிச்சிடுவேன்" என்போம். அவர்கள் தோலைப் பதனிட்டுவிடுவேன் என்பார்கள், ஒரு படி கூடுதல் கொடூரம். ஹைடிங் என்றால் செம அடி என்றானது அந்தத் தோல் வழியாகத்தான். கிரிக்கெட் செய்தியில் ஓர் அணி இன்னொன்றுக்கு ஹைடிங் கொடுத்தது என்று வந்தால், அடைக்கலம் கொடுத்ததாக எழுதிவிடாதீர்கள். மேய்ச்சல் இல்லாமல் மெலிந்து, தோல் விலாவோடு ஒட்டிப்போன மாட்டுக்கு ஹைட்பவுண்ட் என்று பெயர். இப்போது அது தன் கருத்தைவிட்டு நகராத மனிதருக்கு வழங்குகிறது. நம் ஊரில் எலும்பும் தோலுமானவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

பறவை பார்க்கிற குடிசையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். நீர்நிலை ஓரத்தில் பலகையடித்து, பார்க்க ஒரு கீற்றுத் திறப்பு வைத்த சின்ன அறை. பிரிட்டனில் ஹைட், அமெரிக்காவில் பிளைண்ட். இதில் எனக்கு ஒரு பழைய சந்தோஷம் உண்டு. குறளில் கூடா ஒழுக்கம் அதிகாரத்தை எடுங்கள். 273-ஆம் குறளில் ஒரு பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்கிறது. அடுத்த குறளிலேயே ஒரு வேடன் புதரில் மறைந்து பறவை பிடிக்கிறான். ஆங்கிலக்காரன் ஒரு சொல்லில் வைத்திருக்கிற தோலும் மறைவும் பறவைக்காகப் பதுங்குவதும் வள்ளுவரிடம் அடுத்தடுத்த இரண்டு குறளில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தற்செயல்தான். இருந்தாலும் பேரனுக்குச் சொல்லுங்கள், பரீட்சைக்கு வராது என்றாலும் மறக்கமாட்டான்.

பேரன் என்றதும் நினைவுக்கு வருகிறது. அவன் கேட்டது எந்த ஹைட் என்று அவனிடம் கேட்டீர்களா? பள்ளிக்கூடத்தில் இந்த மாதம் உயரம் எடை பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.