சொல் கேளுங்கள்: உரம் ஏறும், தெம்பு வரும்

கேள்வி: காலையில் மெரினாவில் ஓடும் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு வேண்டிய 'ஸ்டாமினா'வைத் தமிழில் எப்படிச் சொல்வது? வலிமை, பலம், உறுதி எதுவும் பொருந்தவில்லை. (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: பொருந்தாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. வலிமை, பலம் இரண்டும் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்கின்றனவே தவிர, எவ்வளவு நேரம் முடியும் என்பதைச் சொல்வதில்லை. கோயம்பேட்டில் ஒரு வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்ளப் பலம் போதும். நள்ளிரவில் லாரி வந்து நின்றதிலிருந்து விடியும்வரை மூட்டைகளை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியது வேறொன்று. அதைத்தான் பேச்சில் 'தாக்குப்பிடிப்பது' என்கிறோம். 'ஈடுகொடுப்பது' அதற்கு நெருங்கியதுதான் என்றாலும், அதற்கு எதிரே இன்னோர் ஆளோ ஒரு வேகமோ இருந்தாக வேண்டும். எழுத்தில் பலர் 'தாங்குதிறன்' என்கிறார்கள். பிழையில்லை, ஆனால் பாலத்துக்கும் கூரைக்கும் அதையே சொல்வதால், ஓடுகிற மனிதருக்கு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. 'அவருக்கு ஸ்டாமினா அதிகம்' என்பதற்கு ஈடாக ஒரு பெயர்ச்சொல்லைத் தேடாமல், '42 கிலோமீட்டரும் தாக்குப்பிடித்து ஓடினார்' என்று வினையாகச் சொல்லிப் பாருங்கள், சரியாக வந்து உட்காரும்.

பழந்தமிழில் இதற்கு 'நோன்மை' என்ற அருமையான சொல் இருந்தது. 'உற்றநோய் நோன்றல்' என்று தொடங்கும் 261ஆம் குறள், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும் பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பதுமே தவத்தின் வடிவம் என்கிறது. திருமுருகாற்றுப்படையோ, தன்னை வந்தடைந்தவர்களைத் தாங்கும் முருகனின் திருவடியை 'உறுநர்த் தாங்கிய மதனுடை நோன்தாள்' என்று பாடுகிறது. மனத்தின் பொறுமைக்கும் காலின் திண்மைக்கும் ஒரே சொல் பயன்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இன்று நோன்மை வழக்கில் இல்லை; நோன்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அந்தச் சொல்லை மீண்டும் புழங்கத் தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

ஸ்டாமினாவின் பிறப்பும் அறியத்தக்கதே. லத்தீனில் அது தறியின் பாவு நூல்களைக் குறித்த சொல். ஊடை நூல் குறுக்கே போய்வருகிறது. பாவு நூல்தான் நெய்து முடியும்வரை இழுபட்டு விறைத்து நின்றாக வேண்டும். அறுந்துபோகாமல் இருக்கவே கைத்தறிக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். களைத்த உடம்புக்குத் தெம்பு தருவதாக நாம் சொல்வதும் கஞ்சியைத்தான். நெசவாளர்களைக் குடியமர்த்தி 1734இல் உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டை உங்கள் ஓட்டப் பாதையிலிருந்து வெகுதொலைவில் இல்லை என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் 'வலி இருப்பதால்தான் அது வலிமை' என்று எழுதியிருக்கிறார்கள். வலிமை என்ற சொல்லுக்குள் உண்மையிலேயே வலி இருக்கிறதா? (வாசகி, வில்லிவாக்கம்)

பதில்: இருக்கிறது, ஆனால் அது நோகிற வலி அன்று. பழைய தமிழில் 'வலி' என்றாலே வலிமைதான். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்' என்று 471ஆம் குறள் நான்கு முறை அந்தச் சொல்லை அடுக்குகிறது. அதை இன்றைய பொருளில் படிப்பவருக்கு, போருக்குப் புறப்படும் அரசன் தன் நோவையும் பகைவனின் நோவையும் எடைபோடுவதாகத் தோன்றிவிடும். 'வய' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் 'வலி' என்று பொருள் சொல்வதும் இந்தப் பழைய பொருளில்தான். வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்றும் பொருளுண்டு. துடுப்புப் போடுவதைத் தண்டு வலித்தல் என்பார்கள். தசை இழுபடுகிற உணர்விலிருந்து நோவு என்ற பொருள் கிளைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சுவரில் உள்ள வாசகம் ஊக்கத்துக்கு உதவலாம். ஆனால் அதை அப்படியே நம்பி உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் மொழி எல்லா நோவையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை: உளைச்சல், கடுப்பு, குடைச்சல், பிடிப்பு, சுளுக்கு, குத்தல் என்று பிரித்தே பெயர் வைத்திருக்கிறது. பயிற்சிக்கு மறுநாள் தொடையில் வரும் கடுப்பு ஓய்வில் அடங்கிவிடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பயிற்சியாளரிடம் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், இவற்றில் எது என்று சொல்லுங்கள்.

கேள்வி: 'வைரம் பாய்ந்த உடம்பு' என்பதில் வரும் வைரம் நகைக்கடை வைரமா? வைராக்கியமும் அதிலிருந்து வந்ததுதானா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: நகைக்கடை வைரமன்று, மரத்தின் வைரம். மரம் முதிர முதிர அதன் நடுப்பகுதியில் உள்ள உயிரணுக்கள் இறந்து, பிசின் போன்ற பொருள்கள் அங்கே படிந்து, நிறம் கறுத்து, பூச்சி எளிதில் துளைக்க முடியாதபடி இறுகிவிடும். இதற்குப் பழைய பெயர் காழ். உள்ளே காழ் உள்ளவற்றை மரம் என்றும் வெளியே காழ் உள்ளவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. தென்னையும் பனையும் இந்தக் கணக்கில் புல்லாகின்றன. எனவே வைரம் பாய்ந்த உடம்பு என்பது பல ஆண்டு உழைப்பில் உள்ளுக்குள் இறுகிய உடம்பு. இருபது வயது இளைஞரின் தோளைப் பார்த்து அப்படி எழுதுவது பொருந்தாது. அதற்குக் கட்டுமஸ்து என்ற சொல் போதும். வைராக்கியம் பற்றற்ற நிலையைக் குறிக்கும் வடசொல். தமிழில் அது விடாப்பிடியான உறுதி என்று பொருள் மாறிவிட்டது. ஒலி ஒத்திருப்பதால் உறவு இருப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவே.

இத்தகைய சொற்களைக் கையாளும்போது அவற்றோடு சேரும் வினைகளைக் கவனிப்பது நல்லது. வைரம் பாயும், உரம் ஏறும். இரண்டும் மெதுவாக நடப்பவை. தெம்பு வரும், போகும். ஒரு வேளை உணவில் வந்துவிடும். திராணி பெரும்பாலும் 'இல்லை' என்பதோடுதான் வரும், இல்லையென்றால் 'திராணி இருந்தால் வா' என்ற அறைகூவலில் வரும். 'அவர் மிகுந்த திராணி உடையவர்' என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தும் காதில் இடறுகிறது.

கேள்வி: என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். 'அதுக்குத் தம்மு ஜாஸ்தி' என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அவரைப் பற்றி எழுதும் கட்டுரையில் 'தம்' என்ற சொல்லைப் போடலாமா? (வாசகர், ராயபுரம்)

பதில்: தயங்காமல் போடுங்கள். தம் என்பது பாரசீகத்தில் மூச்சைக் குறிக்கும் சொல். உருது வழியாக நம் ஊருக்கு வந்து, 'தம் கட்டித் தூக்கினான்' என்னும்போது மூச்சையும், உங்கள் தெருவார் சொல்லும்போது அயராத உழைப்பையும் குறிக்கிறது. புகைபிடிப்பதற்கும் அதே சொல் வழங்குவதால், தெருவார் சொன்ன வாக்கியத்தை மேற்கோளாக அப்படியே கொடுத்துவிடுங்கள். உங்கள் சொந்த வாக்கியங்களில், கூடை சுமந்து உரமேறிய கழுத்து என்றும், தலைக்கும் கூடைக்கும் நடுவே அவர் சுருட்டி வைத்துக்கொண்ட துணிக்குச் சும்மாடு என்றும் எழுதுங்கள்.