கரையில் காத்திருப்பவளுக்குத் தெரிந்த காலம்

கேள்வி: அன்புள்ள அக்கா, பாம்பன் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். மார்க் வரும் என்று சொன்னதால் கல்லூரியில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தேன். இப்போது ‘ஃப்யூத்யூர் ஆந்தேரியர்’ என்ற வினைக்காலம் நடத்துகிறார்கள். ஆங்கிலத்து ‘வில் ஹேவ் டன்’ மாதிரிதான் என்கிறார்கள். எனக்கு அந்த ஆங்கிலமே பிடிபடவில்லை. எந்த வினைக்கு ‘அவ்வார்’ என்ற துணைவினை, எதற்கு ‘ஏத்ர்’ என்பதும் குழப்பம். தமிழுக்கே மாறிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

மாற வேண்டாம். உனக்கு வராதது ஆங்கிலம்; பிரெஞ்சு அல்ல. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போவது, மண்டபத்திலிருந்து பாம்பன் போக ராமநாதபுரத்தைச் சுற்றிக்கொண்டு வருவது போல. நேர்வழி உன் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

படகு வரத் தாமதமாகும் நாளில் உன் அம்மா என்ன சொல்வார்? “இந்நேரம் வலையை இழுத்திருப்பாங்க.” “காத்து மாறிருச்சு, தங்கச்சிமடம் பக்கம் ஒதுங்கியிருப்பாங்க.” நீ பயப்படுகிற அந்தக் காலம் இதுதான். ‘இழுத்து’ என்று செயலை முடித்துவிட்டு, ‘இருப்பாங்க’ என்று எதிர்காலத்தை ஒட்டுகிறோம். பிரெஞ்சிலும் இதே இரண்டு துண்டுகள்தான், வரிசை மட்டும் தலைகீழ்: எதிர்காலத் துணைவினை முன்னால், முடிந்த வினை பின்னால். ‘இல்ஸோரோன் திரே ல ஃபிலே’, வலையை இழுத்திருப்பார்கள். ‘இல்ஸோரோன்’ நம் ‘இருப்பாங்க’. ‘திரே’ நம் ‘இழுத்து’.

மனப்பாடம் செய்ய வேண்டியது துணைவினை மட்டும்தான். அவ்வாருக்கு: ஜோரே, த்யூ ஓரா, இல் ஓரா, நூஸோரோன், வூஸோரே, இல்ஸோரோன். ஏத்ருக்கு: ஜ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன். வாய்விட்டுச் சொல்லிப் பார். எழுத்தில் ஆறு ஆறாக இருந்தாலும் முடிவு ஓசை ஏ, ஆ, ஓன் என்று மூன்றுதான். அவ்வாருக்குப் பின்னால் வரும் வினை ஆளுக்கு ஆள் திரிவதில்லை. ‘ஃபினீர்’ என்றால் முடித்தல். ஜோரே ஃபினி, த்யூ ஓரா ஃபினி, நூஸோரோன் ஃபினி என்று ‘ஃபினி’ அப்படியே நிற்கும். ஃபே (செய்து), ப்ரி (எடுத்து), வ்யூ (பார்த்து) போன்ற ஒழுங்கில்லாத வடிவங்களை நீ ‘பாஸே கோம்போஸே’ என்ற இறந்தகாலம் படித்தபோதே பார்த்திருப்பாய். அதே வடிவங்கள்தான் இங்கேயும்.

இனி உன் இரண்டாவது குழப்பம். பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார். போ, வா, புறப்படு, வந்துசேர், நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, திரும்பு, தங்கு, விழு, பிற, இற போன்ற ஒரு சின்னக் கூட்டத்துக்கு ஏத்ர். ‘எழுந்துகொள்’ என்பது போல ‘ஸ’ சேர்ந்து வரும் வினைகளுக்கும் ஏத்ர்தான். ‘அசைவைக் குறிக்கும் வினை என்றால் ஏத்ர்’ என்று வகுப்பில் சுருக்கமாகச் சொல்லியிருந்தால் அதை நம்பாதே. நீந்துவதும் ஓடுவதும் நடப்பதும் அசைவுதான். மூன்றுமே அவ்வாரோடுதான் வரும். ‘ஜோரே நாஜே’, நீந்தியிருப்பேன்.

இங்கே தமிழ் தெரிந்த உனக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பிரெஞ்சில் ‘தெஸாந்த்ர்’ என்ற ஒரே வினை இறங்குவதற்கும் இறக்குவதற்கும் வரும். படகிலிருந்து இறங்கியிருப்பேன் என்றால் ‘ஜ ஸெரே தெஸாந்த்யூ’. மீன்பெட்டியை இறக்கியிருப்பேன் என்றால் ‘ஜோரே தெஸாந்த்யூ லா கேஸ்’. எதை என்று கேட்டால் பதில் வரும் இடத்தில் அவ்வார். ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் மாணவர்கள் இதில் தடுமாறுவார்கள். தமிழிலோ சொல்லே வேறு: இறங்கு, இறக்கு, ஏறு, ஏற்று. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தாயே, அதை இங்கே எடுத்து வை. ‘இறங்கு’ என்று மனசு சொன்னால் ஏத்ர். ‘இறக்கு’ என்றால் அவ்வார். ‘மோந்தே’ என்ற வினையில் ஏறு, ஏற்று இரண்டுக்கும் இதே கணக்கு. இதை நான் முதன்முதலில் உணர்ந்த நாளில், பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த இலக்கணத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஏத்ர் வந்தால் ஆண், பெண், ஒருமை, பன்மை பார்க்க வேண்டும். அப்பா திரும்பியிருப்பார், ‘ரான்த்ரே’. அம்மா திரும்பியிருப்பார் என்றாலும் ஓசை அதுதான். ஆனால் எழுத்தில் கடைசியில் இன்னொரு ‘ஈ’ சேரும். பலர் என்றால் ‘எஸ்’. காதுக்குக் கேட்காததால் தேர்வில் மார்க் போகும் இடம் இது.

இதை எங்கே பயன்படுத்துவது? ‘ஆந்தேரியர்’ என்றால் முந்தையது. வரப்போகும் இரண்டு செயல்களில் எது முந்தி முடிகிறதோ அதற்கு இந்தக் காலம். அடுத்ததற்குச் சாதாரண எதிர்காலம். ‘அப்பா கரைக்கு வந்ததும் நான் ஏலத்துக்குப் போவேன்’: ‘கான் பாப்பா ஸெரா ரான்த்ரே, ஜிரே ஆ லா க்ரியே’. (மீன் ஏலத்துக்குப் பிரெஞ்சில் ‘க்ரியே’ என்று பெயர். கூவுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல். நாமும் ஏலம் கூவுகிறோம் என்றுதானே சொல்கிறோம்!) ஆங்கிலத்தில் யோசித்தால் ‘வென் ஃபாதர் கம்ஸ்’ என்று நிகழ்காலம் உள்ளே வந்துவிடும், அதை அப்படியே பிரெஞ்சில் வைத்தால் பிழை. நம் ‘வந்ததும்’, ‘வந்தவுடன்’, ‘வந்த பிறகு’ எல்லாம் செயல் முடிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகின்றன. எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது அவற்றைக் கண்டால் கான், தே க, ஆப்ரே க போட்டு இந்தக் காலத்தை எழுது. ஆனால் ‘வந்தால்’ என்று வந்தால் நில். அது ‘ஸி’. இப்படி நிபந்தனை சொல்லும் ‘ஸி’க்குப் பின்னால் எதிர்காலம் வராது, ‘ஸி பாப்பா ரான்த்ர்’ என்று நிகழ்காலம்தான்.

ஒரு நாளைக் குறித்து அதற்குள் முடிவதையும் இப்படிச் சொல்லலாம். நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ‘ஜூன் 15-க்குள் வலைகளைச் சரிசெய்திருப்போம்’, ‘நூஸோரோன் ரெபாரே லே ஃபிலே’. அம்மா சொல்லும் ‘ஒதுங்கியிருப்பாங்க’ வேறு வகை. அது நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். ‘இல்ஸோரோன் ஷான்ஜே த ரூத்’ என்றால் வழி மாறிப் போயிருப்பார்கள். பேச்சில் ‘இல்ஸோன் த்யூ’ என்று வேறு விதமாகச் சொல்வதுதான் அதிகம், ஆனாலும் இது சரியான பிரெஞ்சு. காத்திருக்கும் மனசு ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்ளும் ஊகத்தை இரண்டு மொழிகளும் ஒரே வினைவடிவத்தில் வைத்திருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தமிழ் உன்னை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ‘காத்து அடிக்காம இருந்திருந்தா இந்நேரம் கரை சேர்ந்திருப்போம்.’ சேரவில்லை என்பது இதன் பொருள். நாம் இதற்கும் அதே ‘சேர்ந்திருப்போம்’தான் சொல்கிறோம். பிரெஞ்சில் இது வேறு வடிவம்: ‘நூ ஸெரோன்’ அல்ல, ‘நூ ஸெரியோன்’. ‘ஜோரே’ என்பதிலோ ஓசையில் வித்தியாசம் மிகக் குறைவு, எழுத்தில் கடைசியில் ஒரு ‘எஸ்’. அதனால் ஒவ்வொரு ‘இருப்பேன்’ வரும்போதும் உன்னையே கேள்: இது நடக்கும் என்கிறேனா, நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேனா, நடக்காமல் போனதைச் சொல்கிறேனா? முதல் இரண்டுக்கு மட்டும்தான் நீ கேட்ட காலம்.

ஒரு நோட்டை எடுத்து இடப்பக்கத்தில், வீட்டிலும் கரையிலும் காதில் விழும் ‘இருப்பான்’, ‘இருப்பாங்க’ வாக்கியங்களை ஒரு வாரம் எழுது, சொன்னவர்கள் சொன்னபடியே. வலப்பக்கத்தில் பிரெஞ்சு. இருபது வாக்கியம் சேர்ந்ததும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.