தனியாளுக்கு ஸ்பிரிண்ட் எதற்கு?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊருக்கே வந்து ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ஆள் வைக்கவில்லை, எல்லாம் நானேதான். கம்பெனியில் பழகிய ஸ்க்ரம் முறைப்படி இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு தவணை வேலை), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), பாயின்ட் (வேலையின் அளவுக்கு மதிப்பெண்) எல்லாம் எனக்கு நானே போட்டுப் பார்க்கிறேன். ஒரு கடையில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலே ஸ்பிரிண்ட் கவிழ்ந்துவிடுகிறது. ஸ்க்ரமை விட்டுவிட்டு, பலகையில் சீட்டு ஒட்டி வேலையை நகர்த்துகிற கான்பானுக்குப் போகலாமா? எதுதான் சரி?
– வாசகர், ஈரோடு

பதில்: ஸ்பிரிண்டை விட்டுவிடுங்கள், தயக்கமே வேண்டாம். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு பேசுவதே பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவான குழுவைப் பற்றித்தான். தினமும் 15 நிமிஷம் எல்லாரும் கூடிப் பேசச் சொல்வது, ஒருவர் கையில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியட்டும் என்று. உங்களுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. எந்தக் கடைக்காக, நிரலில் எந்த வரியை எதற்கு மாற்றினோம் என்பது மூன்று மாதம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும், அதுதான் உங்கள் சிக்கல். ஸ்க்ரமில் ஒன்றை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்: செய்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடைக்காரர் முன்னால் ஓட்டிக் காட்டுவது. முதலாளியிடம் காட்டினால் போதாது, கல்லாவில் உட்காருகிறவரிடம் காட்டுங்கள்.

'எது சரி' என்று ஒரே பெயரைத் தேட வேண்டாம் என்பேன். நான் மதுரையில் இதே பிழைப்புத்தான் பார்க்கிறேன். நம் மேஜைக்கு வருகிற வேலை எல்லாம் ஒரே ஜாதி இல்லை. வேலையைப் பார்த்துத்தான் முறையை எடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டி மாறியதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவு வந்தது, 22-ஆம் தேதி அமல். ஆயத்த ஆடைக்கு ஆயிரம் ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12% என்றிருந்தது. அது 2,500 வரை 5%, அதற்கு மேல் 18% என்று ஆனது. 1,800 ரூபாய்ச் சட்டைக்கு வரி இறங்கியது, 3,000 ரூபாய்ச் சட்டைக்கு ஏறியது. விதி அச்சில் இருக்கிறது, தேதி நகராது, யாரிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை. இந்த மாதிரி வேலைக்கு, எல்லாரும் பழசு என்று ஒதுக்குகிற வாட்டர்ஃபால், அதாவது திட்டம், கோட், சோதனை என்று ஒரே போக்கில் இறங்குகிற முறைதான் பொருத்தம் என்பது என் கட்சி. வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் அந்த முறையைப் படமாக வரைந்த கட்டுரையிலேயே, அப்படி ஒரே போக்கில் போனால் ஆபத்து என்று எழுதினார். அவர் சொன்னது பெரிய திட்டங்களுக்கு. தேவை முழுக்கத் தெரிந்த சின்ன வேலையில் அந்த ஆபத்து மிகவும் குறைவு.

அதனால் கோட் ஃபைலைத் திறக்காமல் முதலில் தாளை எடுத்தேன். 20-ஆம் தேதி 12 சதவீதத்தில் வாங்கிய சட்டையை 25-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் கிரெடிட் நோட்டில் (திருப்பிய சரக்குக்குக் கொடுக்கிற சீட்டு) எந்த வரி? விற்ற அன்றைக்கு இருந்த 12 தான். அப்படியானால் வரி விகிதம் பில்லில் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் பதிந்திருக்க வேண்டும். ஐட்டம் மாஸ்டர் என்கிற பொருள் பட்டியலில் மட்டும் வைத்திருந்தால், பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுக்கிற அன்று புது வரி விழுந்துவிடும். 2,700 ரூபாய்ச் சட்டைக்குப் பில்லிலேயே பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால்? வரம்பு பார்ப்பது விற்பனை மதிப்பை வைத்து. 2,430-க்கு 5% தான். தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் விகிதத்தைத் தேட வேண்டும் என்று கணக்கின் வரிசையே இங்கே முடிவாகிறது. தாளில் எழுதிய ஒவ்வொரு கேள்வியும் பிறகு ஒரு தானியங்கி டெஸ்ட் (விடை சரியா என்று கம்ப்யூட்டரே சோதிப்பது) ஆனது. டெஸ்டை முன்னால் எழுதுவது கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்கிற முறையில் வருவது. அதில் ஜோடியாக உட்கார்ந்து எழுதுவது நமக்கு வாய்க்காது, டெஸ்ட் வாய்க்கும். வரிக் கணக்குக்கு டெஸ்ட் இல்லாமல் தனியாளாகத் தொழில் பண்ணாதீர்கள், இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து விழுகிற வேலைக்குக் கான்பான். டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த முறை, சாஃப்ட்வேருக்கு டேவிட் ஆண்டர்சன் கொண்டுவந்தார். பலகையில் சீட்டு ஒட்டுவது எளிது. கையில் இருப்பது இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிற வரம்புதான் அதன் உயிர். பில் போடவே முடியவில்லை என்றால் அது அவசரம், உடனே எடுங்கள். ரிப்போர்ட்டில் எழுத்துச் சின்னதாகத் தெரிகிறது என்றால் மத்தியானத்துக்கு மேல். இந்தப் பாகுபாட்டை வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், அவர்களும் வியாபாரிகள்தானே. ஆடி, தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் ஜவுளிக் கடையில் புது வெர்ஷன் ஏற்றாதீர்கள். எந்தப் புத்தக முறையிலும் இது இல்லை, ஆனால் நம் தொழிலுக்கு இது சட்டம்.

கடைசியாக ஒரு நோட்டு. கணினி அறிஞர் டொனால்ட் நூத் தன் டெக் என்கிற அச்சுக்கோப்பு மென்பொருளில் வந்த பிழைகளை 1978 முதல் வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் போட்டு வகை பிரித்து, 1989-இல் கட்டுரையாகவே வெளியிட்டார். வாட்ஸ் ஹம்ஃப்ரி 1990-களில் தனி ஆளுக்கென்றே ஒரு முறை வகுத்தார். அதில் நேரக் குறிப்பும் பிழைக் குறிப்பும் அடிப்படை. அதன் படிவங்கள் முழுவதையும் நிரப்ப உட்கார்ந்தால் வேலை ஓடாது. தேதி, கடை, என்ன உடைந்தது, ஏன், எத்தனை மணி நேரம் பிடித்தது என்று ஐந்து கட்டம் போதும். நான் நீளக் கணக்கு நோட்டில் எழுதுகிறேன். இரவு எழுதிய கோட் எதையும் அப்போதே மெயினில் (கடைகளுக்குப் போகிற முக்கியப் பிரதி) சேர்ப்பதில்லை. காலையில், என்ன மாறியது என்று காட்டுகிற கிட் டிஃப்பைத் திறந்து, பக்கத்தில் நோட்டை விரித்து, வேறு ஒருவர் எழுதியதைப் படிப்பதுபோல் படிக்கிறேன். சக ஊழியர் செய்யும் கோட் ரிவ்யூவுக்குத் தனியாளிடம் இதைவிட நல்ல மாற்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: தனியாக ஆப் செய்து தருகிறேன். 'எப்போ முடியும்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது, மேடம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மேலே சொன்ன நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று அதில் இருக்கும். நோட்டு இன்னும் இல்லையென்றால், முதல் பகுதிக்கு மட்டும் தேதி கொடுங்கள், அது முடிந்ததும் மீதிக்குச் சொல்லலாம். கோட் எழுதும் நேரத்தை மட்டும் கணக்கு வைக்காதீர்கள். அவர்களுடைய பழைய எக்செல் ஷீட்டில் ஒரே வாடிக்கையாளர் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். அதைச் சுத்தம் செய்து உள்ளே ஏற்றவும், ஊழியர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் ஆகிற நாட்களையும் சேர்த்தே தேதி சொல்லுங்கள்.