அம்மாவின் மாத்திரை விலை குறைந்தது, ஊசி விலை ஏன் குறையவில்லை?

மார்த்தாண்டத்தில் அம்மாவுக்கு வாங்கும் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சல்லிசாகிவிட்டது, டாக்டர் புதிதாக எழுதிய மவுஞ்சாரோ என்ற சர்க்கரை ஊசி மட்டும் ஏன் கையைக் கடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் காப்புரிமைதான், அதாவது ஒரு மருந்தை அதன் உரிமைக் கம்பெனி மட்டுமே விற்கலாம் என்ற உரிமை. இந்தியாவில் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். மருந்து கடைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. ஆய்வு, அனுமதி என்றே அதில் பல வருடம் ஓடிவிடும். எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் கெடு முடிந்தது. உடனே பல கம்பெனிகள் களத்தில் குதித்தன. 60 ரூபாய் பக்கம் இருந்த மாத்திரை 10 ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. மவுஞ்சாரோ மாதிரியே இன்னொரு ஊசி மருந்தான செமாக்ளூடைடுக்கு (பிராண்டு பெயர்கள் ஓசெம்பிக், வெகோவி) மூலக்கூறு காப்புரிமை 2026 மார்ச் வரைதான். மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைடு. அதற்கு இன்னும் பல வருடம் பாக்கி.

பழைய மருந்தின் உப்பையோ வடிவத்தையோ லேசாக மாற்றி மறுபடி காப்புரிமை கேட்பதும் உண்டு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, பலன் கூடினால் ஒழிய அதை ஏற்காது. 2013-இல் நோவார்ட்டிஸ் புற்றுநோய் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். நல்ல சட்டம் என்பேன்.

அட்டையில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். அந்த மருந்துப் பெயரைப் பாருங்கள். டாக்டர் எழுதியதும் அதுவும் ஒன்றாக இருந்தால் ஜெனரிக் (வேறு கம்பெனி தயாரிக்கும் அதே மருந்து) கேட்கலாம். ஆனால் விலையைப் பார்த்து டிர்செபடைடுக்குப் பதில் செமாக்ளூடைடு வாங்கிவிடாதீர்கள். இரண்டும் வேறு மருந்து, அளவும் வேறு. டாக்டர்தான் மாற்றி எழுத வேண்டும். அப்புறம், திறக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். நாகர்கோவிலில் வாங்கிக் குலசேகரத்துக்குப் பஸ் ஏறுவதானால் கடையிலேயே ஐஸ் பேக் கேளுங்கள். ஊசி அதில் நேரடியாகப் படாமல், உறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.